மூன்று நாள் எடுத்த தலையாட்டல்

அருந்தவன் ஓட்டும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. மெல்பேர்னில், நோபல் பார்க் ஸ்டேஷன் வாசலில் பஸ் வந்து நின்று, கதவு திறந்து, ஓட்டுநர் ஆசனத்தில் அந்த நரைத்த மீசையைக் கண்டால், கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருப்பான். பிறகு கதவு மூடும். மழையோ குளிரோ, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் ஓட்டும் வண்டியில் என்னால் உட்கார்ந்து வர முடியாது.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது என்று என் மகள் மயூரா சொல்வாள். அதில் பிழையில்லை. கடையில் மிளகாய்த்தூளை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். ஒரு டொக்டர் தந்த மாத்திரையை இன்னொரு டொக்டரிடம் காட்டாமல் விழுங்க மாட்டேன். ஆனால் அருந்தவன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கண்ணால் கண்டவர் சொன்னது அது. அவரைத்தான் நான் கல்யாணம் செய்திருக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், அதாவது ஜனவரி, பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை, வவுனியாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரை இலங்கை ஆமி விடிய முன்னமே சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே ஒரு ஜீப் நின்றது. அதற்குள் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான், கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. இப்படி ஆள் காட்டுகிறவனை நாங்கள் தலையாட்டி என்போம். ஆண்கள் ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் ட்ரக்கில் ஏற்றுவார்கள்.

பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சுதர்சன் அண்ணா நடந்து வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றார். சாக்கு இடது தோள் பக்கமாக ஒருமுறை சாய்ந்தது. 'ஓம்' என்று சொல்ல நாங்கள் எல்லோரும் சாய்க்கிற அதே சாய்வுதான். அண்ணாவை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அம்மா சாகும்வரைக்கும் அவருக்கு ஒரு கோப்பையை எடுத்து வைத்தபடியேதான் இருந்தா.

அன்று பின்னேரம் சிறிதரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த ஒழுங்கைக்காரர், அண்ணாவின் கூட்டாளி. முகம் வீங்கி, உதடு வெடித்திருந்தது. தான் வரிசையில் கடைசிப் பக்கம் நின்றதாகவும், ஆமி அடித்து விட்டதாகவும் சொன்னார். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதார்.

"அருந்தவன்தான் அம்மா அது. சாக்குக்குக் கீழ கையைக் கண்டனான். மணிக்கட்டில அந்தப் பெரிய மச்சம்."

அருந்தவனும் எங்கள் ஊர்தான். சோவியத் ஸ்கொலர்ஷிப் கிடைத்து முந்திய புரட்டாதியில்தான் தாஷ்கென்டுக்குப் படிக்கப் போயிருந்தான். அவன் எப்படி இங்கே என்று அம்மா கேட்டா. "லீவில களவா வந்து நிக்கிறான். நான் வவுனியா ரவுணில கண்டனான்" என்றார் சிறிதரன். அவர் முகத்துக்கு உப்புத் தண்ணீரில் ஒத்தடம் கொடுத்தது நான். ஏற்கெனவே அவர் மீது எனக்கு ஒரு கண் இருந்தது. இரண்டு வருடத்தில் கல்யாணம் முடிந்தது.

உலகம் சிறியது என்று சும்மாவா சொல்கிறார்கள்? எத்தனையோ நாடுகள் இருக்க, அருந்தவனும் மெல்பேர்னுக்கு வந்து, அதிலும் நோபல் பார்க்கிலேயே வீடெடுத்தான். சிறிதரன் விடவில்லை. கல்யாண வீடு, செத்தவீடு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் நாலு பேர் காதில் போட்டு வைப்பார். ஒருவரும் அருந்தவனை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அவன் தன் பாட்டில், அந்த நேரம் தான் தாஷ்கென்டில் இருந்ததாகவும், ஒரு படத்தில்கூட நடித்ததாகவும் சொல்வானாம். யாரோ அந்தப் படத்தை யூரியூப்பில் தேடிப் பிடித்துத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார்கள். அவன் மூஞ்சி ஓரிடத்திலும் இல்லை. அதற்குப் பிறகு அவனுக்கு 'நடிகர்' என்று பட்டம். என் அண்ணனுக்காக என் புருஷன் என்னைவிட அதிகமாகக் கொதிக்கிறாரே என்று நான் உருகிப் போயிருக்கிறேன்.

இப்படியிருக்க, போன மாதம் மயூரா என் போனுக்கு ஒரு அறிவித்தல் அனுப்பினாள். ஹம்சா என்று ஒரு தமிழ்நாட்டுப் பெண், பல்கலைக்கழகத்தில் உஸ்பெக் சினிமா பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் சமூக மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் பேசப் போகிறாள். சோவியத் காலத்தில் தாஷ்கென்ட் ஸ்டூடியோவில் துணை நடிகர்களாக வந்த இலங்கை, இந்திய மாணவர்களைப் பற்றியும் சொல்வாள். படத்தில் சேர்க்காமல் கழித்துப் போட்ட துண்டுகளையும் காட்டுவாள். கீழே மயூரா எழுதியிருந்தாள்: "அம்மா, உங்கட பஸ் அங்கிளும் அதில இருக்கிறாராம். யூ ஷுட் கோ."

நான் அதைச் சிறிதரனிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, இரண்டு தரம் வாசித்தார்.

"கழிச்ச துண்டோ? அதெல்லாம் இன்னும் வைச்சிருக்கிறாங்களோ?"

"எனக்கென்ன தெரியும்."

"இதுக்குப் போய் மினக்கெடப் போறீரோ? அவன் காசு குடுத்துச் செய்விச்சிருப்பான்."

"அதைத்தான் பாக்கப் போறன். கையும் களவுமாப் பிடிக்க வேணும்."

அவர் போனைத் திருப்பித் தந்தார். அடுத்த நாள், சனிக்கிழமை கோயிலுக்குப் போவோம் என்றார். அதற்கடுத்த நாள், சிட்னியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை போய் வருவோம், வென்ட்வேர்த்வில்லில் நல்ல இடியப்பம் சாப்பிடலாம் என்றார். அவர் தங்கச்சியை அவருக்கே பிடிக்காது. சனிக்கிழமை காலை நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று படுத்தார். அம்புலன்ஸைக் கூப்பிடட்டோ என்று போனை எடுத்தேன். வேண்டாம், வாயு என்றார். இதெல்லாம் எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் என் மனம் போன திசை வேறு. அருந்தவனைக் கண்டால் எனக்குப் பழைய துக்கம் கிளறும் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன். அவருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மண்டபத்தில் நாற்பது பேர்வரை இருந்தார்கள். அருந்தவன் முன் வரிசையில் தனியாக இருந்தான். இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமை. நான் பின்னுக்கு, கதவோரமாக இருந்தேன். மயூரா எனக்குப் பக்கத்தில் இருந்து, "பிளீஸ், சத்தம் போடாதேங்கோ" என்று முன்கூட்டியே கையைப் பிடித்தாள்.

ஹம்சா பொயிண்ட் குக்கிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு வருடம் தாஷ்கென்டில் தங்கி, அந்த நாட்டின் தேசிய ஸ்டூடியோவில் பழைய பிலிம் சுருள்களைத் தரம் பிரித்தவளாம். பேச்சில் பகட்டு இல்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி, தாஷ்கென்ட்ல ஒரு பழைய மதரசா கட்டடத்துலதான் அந்த ஸ்டூடியோவை ஆரம்பிச்சாங்க. அதுக்கு 'கிழக்கின் நட்சத்திரம்'னு பேரு வச்சாங்க" என்று தொடங்கினாள்.

மதரசாக்காரர்கள் தாங்களாகக் கொடுத்தார்களா, பிடுங்கி எடுத்தார்களா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஆரம்பத்தில் உள்ளூர்ப் பெண்கள் முகம் மூடித்தான் இருந்தார்களாம், மூடியை எடுத்துக் கமராவுக்கு முன்னால் வந்தால் உயிருக்கே ஆபத்தாம். அதனால் உஸ்பெக் பெண்களாக வேறு ஊர்ப் பெண்கள் நடித்தார்களாம். உஸ்பெக்கியரில் முதன்முதலாகக் கமரா பிடித்தவர் கீவா என்ற ஊர்க்காரர். அரசர் காலத்திலேயே தெருவையும் பாலத்தையும் மக்களையும் படம் எடுத்து வைத்தவர். ஸ்டாலின் காலத்தில் அவரை உளவாளி என்று பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள் என்றாள்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஆர் காட்டிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மயூரா கையை நெரித்தாள்.

"எனக்குத் தெரியல ஆன்டி" என்றாள் ஹம்சா. "அந்தக் காலத்துல யார் வேணா யாரைப் பத்தி வேணா சொல்லலாம். செத்தவர் பேரு நமக்குத் தெரியுது. சொன்னவர் பேரு வெளியில வர்றது ரொம்ப அபூர்வம்."

முன் வரிசையில் அருந்தவனும் திரும்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவன்தான் முதலில் திரும்பினான்.

பிறகு அவள் யுத்தக் காலத்தைச் சொன்னாள். ஜெர்மன்காரர் நெருங்கி வர, மொஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் கீவ் நகரத்திலும் இருந்த சினிமாக்காரர்கள் ரயிலேறித் தாஷ்கென்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஊர் ஸ்டூடியோ அவர்களோடு வேலை செய்து பழகி வளர்ந்தது. அறுபதுகளில் ஆசிய, ஆபிரிக்கப் படங்களுக்குத் தாஷ்கென்டில் பெரிய விழா வைத்தார்கள். இந்தியப் படங்களுக்கு அங்கே சனம் வரிசையில் நின்றது. சோவியத் உடைந்தபோது பணம் வற்றி, ஸ்டூடியோ படுத்து, பிறகு மெல்ல எழும்பியது. இதையெல்லாம் நான் அரைக் காதோடுதான் கேட்டேன். எப்போது அந்தத் துண்டு வரும் என்பதே என் கவலை.

"இப்போ நம்ம பசங்க கதைக்கு வர்றேன்" என்றாள் கடைசியில். "பழைய புகாரா நகரத்துல இந்து வியாபாரிகள் இருந்தாங்க. அதைப் பத்தி ஒரு படம் எடுக்கிறப்போ, இந்திய முகம் வேணும்னு ஹாஸ்டல்ல இருந்த மாணவர்களைக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்டூடியோவுக்குப் பின்னாடி மண்ணால ஒரு கடைத்தெருவே கட்டியிருந்தாங்க."

படத்தின் பெயரையும் சொன்னாள். அது எனக்கு வாயில் நுழையவில்லை. விளக்கை அணைத்தார்கள்.

திரையில் பனி கொட்டிய ஒரு கடைத்தெரு வந்தது. மண் சுவர்கள், ஒட்டகம், தொப்பிக்காரர்கள். அதற்கு முன்னால் ஒரு கை நீண்டு, கறுத்த பலகை ஒன்றைப் பிடித்து டப் என்று அடித்தது. பலகையில் வெண்கட்டியால் ரஷ்ய எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது. இலக்கம் தெரியும். 16.1.86.

பலகை விலகியது. தலைப்பாகையும் நெற்றியில் பொட்டுமாகத் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பொடியன் இருந்தான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. வாயிலிருந்து குளிர்ப் புகை போனது. அருந்தவன்.

நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தேன். பதினாறுதானே என்று மனம் உடனே கணக்குப் போட்டது. பதினாறில் அங்கே இருந்துவிட்டுப் பதினேழு விடிய முன் வவுனியாவில் சாக்குக்குள் இருக்க முடியாது. ஆனால் பலகையில் யாரும் எதையும் எழுதலாமே.

காட்சி இதுதான்: ஒரு கிழவர் துணியைத் தடவிப் பார்த்து ஏதோ விலை கேட்பார். வியாபாரி சம்மதம் என்று தலையாட்ட வேண்டும். கிழவர் கேட்டார். அருந்தவன் தலையை இடது தோள் பக்கம் சாய்த்தான். கமராவுக்குப் பின்னால் ஒரு குரல் கத்தியது.

"டைரக்டர் திட்டுறார்" என்று ஹம்சா சிரித்தாள். "'சம்மதம்னுதானே சொல்லச் சொன்னேன், ஏன் மாட்டேங்கிறான்?'ங்கிறார்."

மண்டபமே சிரித்தது. மறுபடி பலகை, மறுபடி கிழவர், மறுபடி அதே சாய்வு. யாரோ ஒருவர் திரைக்குள் வந்து தன் நாடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். அருந்தவன் கவனமாகப் பார்த்தான். கிழவர் கேட்டதும் தலை நேராகக் கீழே இறங்கத் தொடங்கி, பாதி வழியில் தானாக இடது பக்கம் சரிந்தது. எங்கள் ஆட்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். மயூராகூடச் சிரித்தாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சாய்வுக்கும் ஜீப்புக்கு முன்னால் அண்ணா நின்றார்.

பலகை மாறியது. 17.1.86. அதே பனி, இன்னும் கூடுதலாக. அதே பொடியன், மூக்கு சிவந்திருந்தது. அதே சாய்வு. பிறகு 18.1.86.

"மூணு நாள்!" என்றாள் ஹம்சா. "கடைசியில தலையே வேண்டாம்னு விட்டுட்டாங்க. படத்துல வர்றது இவ்வளவுதான்."

திரையில் ஒரு கை மட்டும் வந்தது. துணியை அளந்து கிழவரின் கையில் வைத்தது. மணிக்கட்டில் ஒரு பெரிய மச்சம்.

விளக்குப் போட்டதும் நான்தான் முதலில் எழும்பினேன். நேரே ஹம்சாவிடம் போனேன்.

"பிள்ளை, இது கம்ப்யூட்டர்ல செய்ததில்லையோ? இந்தக் காலத்தில எதையும் செய்வினம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "இல்ல ஆன்டி. அந்தச் சுருள் தகர டப்பாவுல துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. நானே என் கையால பிரிச்சேன். அந்தப் பலகையை விடுங்க. அந்த மண் கடைத்தெரு பிப்ரவரி மாசம் பனி உருகினப்போ இடிஞ்சு விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் கட்டவேயில்ல. படம் அதே வருஷம் ரிலீஸ். பனியோட அந்தத் தெரு இருந்தது அந்த ஒரு ஜனவரி மாசம்தான்."

அவளிடம் வேறு என்ன கேட்பது? திரும்பினேன். அருந்தவன் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் நான் அவனுக்குப் பக்கத்தில் போனது அதுதான் முதல் தரம்.

"அந்த லீவுக்கு நீங்கள் ஊருக்கு வரேல்லையோ?" என்று கேட்டேன். என்னை அறியாமலே 'நீங்கள்' என்று வந்தது.

"என்ன லீவு தங்கச்சி? போய் ஆறு வருசம் நான் திரும்பேல்லை. ரிக்கெற்றுக்கு வழியில்லை. அம்மா செத்ததுக்கும் வரேல்லை."

"பிறகேன் நீங்கள் நேர வந்து மறுக்கேல்லை? இவ்வளவு காலமும்?"

அவர் கையில் இருந்த கதிரையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆரிட்ட மறுக்கிறது? ஒருத்தரும் என்னட்ட நேர கேக்கேல்லையே. தாஷ்கென்டில நிண்டனான் எண்டன், சிரிச்சவை. படத்தில நடிச்சனான் எண்டன், அதுக்கும் சிரிச்சவை. பஸ் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு உங்களைப் பாப்பன், ஒரு நாளைக்கு ஏறிக் கேப்பீங்கள் எண்டு. நீங்கள் பைக்குள்ள தலையை விட்டிடுவீங்கள்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் மறுபடி கதிரையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "சுதர்சன் எனக்கும் கூட்டாளிதான். எனக்கும் தெரிய வேணும், அது ஆரெண்டு."

வீட்டுக்கு நடந்தேன். மயூரா காரில் விடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். தனியாக யோசிக்க வேண்டியிருந்தது.

அருந்தவன் இல்லையென்றால் யார்? அதைவிட, தாஷ்கென்டில் இருந்த மச்சம் சாக்குக்குக் கீழே சிறிதரனுக்கு எப்படித் தெரிந்தது? தவறாகப் பார்த்திருக்கலாம். பயத்தில் ஒருவனை இன்னொருவனாக எண்ணியிருக்கலாம். ஆனால் ரவுணில் கண்டதாகவும் சொன்னாரே. அதுவும் தவறா? ஊரில் இல்லாதவன் மேல் பழி போடுவது சுலபம், அவன் வந்து மறுக்க மாட்டான். ரயில் கடவையில் மணி அடித்தது. தடுப்பு இறங்க, நின்றேன்.

அங்கே நிற்கும்போதுதான் அந்த மைதானம் முழுதாக எனக்கு முன்னால் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை முழுவதும் வரிசையைப் பார்த்தவள் நான். அண்ணாவைப் பார்த்தேன். வாத்தியாரைப் பார்த்தேன். கடைக்காரரை, அவர் மகன்களைப் பார்த்தேன். அண்ணாவுக்கு அடுத்தபடி என் கண் தேடியது ஒரே ஒருவரைத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிறிதரனைத்தான் தேடினேன். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் தேடினேன். காணவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது என்று பிறகு என்னை நானே சமாளித்துக்கொண்டேன். இன்னொன்று. அன்று அந்த மைதானத்தில் ஒருவருக்கும் அடி விழவில்லை. பிடித்தவர்களை ட்ரக்கில் ஏற்றினார்கள், மற்றவர்களை அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

ரயில் போய், தடுப்பு உயர்ந்தது. நான் தடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சுகமில்லையா என்று கேட்டாள். சுகம்தான் என்று சொல்லிக் கடந்தேன்.

சிறிதரன் முன்னறையில் ரிவிக்கு முன்னால் இருந்தார். நெஞ்சு வலியைக் காணவில்லை. கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

"என்ன, நடிகரைக் கண்டீரோ?" என்றார், கண்ணை எடுக்காமல்.

வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னேன்: "இல்லை. அவன் இல்லை. அது வேற ஆரோ பெடியன்."

அவருடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்று எழும்பினார். "களைச்சுப் போய் வந்திருக்கிறீர். இரும், நான் ரீ போடுறன்." மயூரா பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் எனக்கு ரீ போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு இதுதான்.

அவர் பின்னால் குசினிக்குள் போனேன். கேத்திலில் தண்ணீர் பிடித்து, சுவிட்சைப் போட்டு, தேயிலைப் பேணியை எடுத்தார். மெல்ல ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார். எனக்கு அவர் கழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நான் சொன்னது பொய்" என்றேன். "அருந்தவன் இருந்தவர். பதினாறு, பதினேழு, பதினெட்டு. மூண்டு நாளும் திகதியோட இருந்தவர்."

முணுமுணுப்பு நின்றது. அவர் திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு வரிசையில ஆருக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்?"

"பின்னுக்கு. எத்தினை தரம் சொன்னனான்."

"பின்னுக்கு ஆருக்குப் பக்கத்தில?"

"அது இப்ப எப்பிடி ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு ஞாபகம் இருக்கு. வாத்தியாருக்குப் பின்னால கடைக்காரர். அவருக்குப் பின்னால அவற்ற ரெண்டு பெடியள். அதோட வரிசை முடிஞ்சுது. நீங்கள் அதில இல்லை. உங்களைத்தான் நான் தேடினனான்."

பேணியை மேசையில் வைத்தார். மூடி உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல் கதிரையைப் பிடித்து இருந்தார்.

"அங்க ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. உங்கட முகம் எங்க வீங்கினது?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "முதல் நாள் இரவே என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். "விடியுமட்டும் அடிச்சவங்கள், ராணி."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் சாக்குக்குள்ள நீங்களோ?"

அவர் தலை இடது தோள் பக்கமாக ஒருமுறை சாய்ந்தது.

கேத்தில் கொதித்து டக் என்று நின்றது. இவ்வளவு கிட்டத்தில் நின்றுதான் சுதர்சன் அண்ணாவும் இதைப் பார்த்திருப்பார்.